அனுப்பியாச்சு... சரி, சேர்ந்துச்சா?

"எச்சரிக்கை கொடுத்தாங்கல்ல? அப்புறமும் ஏன் கடலுக்குப் போனாங்க? தப்பு அவங்க மேலயும்தான்."

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். இத்தனை வருஷம் ஆகியும் இந்த வாக்கியம் சாகவே இல்லை மக்களே. விஷயம் தெரியாதவர் சொன்னால் விட்டுவிடலாம். டெக்னோபார்க்கில் கைநிறையச் சம்பளம் வாங்கும் நம்ம ஆட்களே சொல்கிறார்கள். போன மாசம் கழக்கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் புதுமனை விருந்து. பக்கத்து இலைக்காரர் இதையே சொன்னார். கூடவே ஒரு தத்துவம் வேறு. "சார், சிஸ்டம் பக்காவா வேலை செஞ்சிருக்கு. மெசேஜ் பப்ளிஷ் ஆயிருக்கு. கிளாசிக் அப்சர்வர் பேட்டர்ன். வாங்குறவன் வாங்கலைன்னா அனுப்பினவன் என்ன பண்ணுவான்?"

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. விருந்து வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே அப்படி இருக்கப் போவதில்லை.

நான் படித்தது பி.காம். பிழைப்பு வங்கியில். வேலூரிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்தால்தான் இந்த ஊர். மூணு வருஷமாக விழிஞ்ஞம் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து மீனவர்களின் நகைக்கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "உனக்கெதுக்கு ஓய் டிசைன் பேட்டர்ன்?" என்று கேட்பீர்கள். பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவள் பாடப்புத்தகத்தைப் பிரித்தால் எங்கள் வங்கியில் நடப்பதெல்லாம் அதில் வேறு பெயரில் இருக்கிறது. லெட்ஜர் தெரிந்தவனுக்கு இது ஒன்றும் சமஸ்கிருதம் இல்லை.

அந்த நண்பர் சொன்ன அப்சர்வர் என்பது இதுதான். 1994-ல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விளிசைட்ஸ் என்று நாலு பேர் சேர்ந்து டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தைப் போட்டார்கள். (நால்வர் என்றால் நமக்கு அப்பர், சம்பந்தர்தான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இவர்கள்.) மொத்தம் 23 பேட்டர்ன். அதில் 11, யார் யாரிடம் எப்படிப் பேசவேண்டும், வேலையை எப்படிப் பங்கு போடவேண்டும் என்ற நடத்தை சம்பந்தப்பட்டவை. அப்சர்வர் அதில் ஒன்று. சேதி வைத்திருப்பவர் ஒருவர், சேதி வேண்டுபவர்கள் பலர். வேண்டுபவர் தன் பெயரைப் பதிந்துகொள்வார், அது அட்டாச். வேண்டாமென்றால் பெயரை எடுத்துவிடுவார், அது டிட்டாச். சேதி மாறியதும் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லப்படும், அது நோட்டிஃபை. வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற மாதிரி. இன்னொரு பிரபலமான பாடப்புத்தகத்தில், 2004-ல் வந்த ஹெட் ஃபர்ஸ்ட் வரிசைப் புத்தகத்தில், அப்சர்வருக்குக் கொடுத்திருக்கிற உதாரணமே ஒரு வானிலை நிலையம்தான்! வெப்பம், ஈரம், அழுத்தம் மாறினால் திரைகளுக்குச் சொல்லவேண்டும். ஆக அந்த நண்பர் உதாரணத்தைச் சரியாகத்தான் பிடித்தார்.

இந்த பேட்டர்னின் பெருமை என்ன? சொல்பவருக்குக் கேட்பவர் யார், எங்கே இருக்கிறார், என்ன செய்யப் போகிறார் என்று தெரியவேண்டியதில்லை. சொன்னால் போதும். மென்பொருளுக்கு இது வசதி. ஒரு திரையில் எண் மாறவில்லை என்றால் அடுத்த முறை மாறும், யாரும் சாகப்போவதில்லை. மனுஷன் கேட்பவராக இருக்கிற இடத்தில் இதே வசதிக்குப் பெயர் கைகழுவல்.

நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு இது அந்த நால்வருக்கு முன்னாடியே தெரியும். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் மட்டும் அனுப்பிவிட்டு, "அனுப்பினேனே சித்தப்பா" என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சித்தப்பாவாவது ஒத்துக்கொள்வாரா? நேரில் போய், வெத்தலைபாக்கு வைத்து, அவர் கையில் கொடுத்து, "சரிப்பா, வந்துடறேன்" என்று வாயால் சொல்லக் கேட்டால்தான் அழைத்ததாக அர்த்தம். துபாயிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிய அத்தனை பேரும் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மொய் எழுதுகிற விஷயத்துக்கே ஒப்புகை கேட்கிற ஜாதி நாம். உயிர் விஷயத்தில் மட்டும் "பப்ளிஷ் ஆயிருக்கு" போதுமாம்.

சரி, ஒக்கிக்கு வருவோம்.

2017 நவம்பர் 29 காலை இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் இருந்தது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை அது குமரிக்கடலில் புயலாகி, ஒக்கி என்று பெயரும் வாங்கிவிட்டது. ஒரே நாள். அதற்கு அடுத்த நாள் லட்சத்தீவுப் பக்கம் மிகக் கடும் புயல். (ஒக்கி என்றால் வங்காளத்தில் கண்ணாம். பங்களாதேஷ் வைத்த பெயர். விழி என்று தொடங்குகிற ஊருக்குக் கண் என்ற பெயரில் வந்து சேர்ந்தது.) புயல் என்ற சொல்லோடு எச்சரிக்கை வந்தது 30-ஆம் தேதி மதியம்தான் என்றது கேரள அரசு. மீனவர்களுக்கான எச்சரிக்கையை முந்தின நாளே கொடுத்துவிட்டோம் என்றது வானிலைத் துறை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு ரிஜிஸ்டரிலும் இருந்தது அனுப்பிய நேரமும் வாங்கிய நேரமும்தான், அதுவும் அலுவலகத்துக்கு அலுவலகம். வள்ளத்தில் இருந்தவன் வாங்கிய நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அப்படி ஒரு காலமே அதில் கிடையாது.

இங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால், பொழியூர் தாண்டியதும் தமிழ்நாடு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று வரிசையாக ஊர்கள். சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். பலர் கொச்சியிலிருந்து கிளம்புவார்கள், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நவம்பர் 29-ஆம் தேதி கொடுத்த எச்சரிக்கை, அதற்குப் பத்து நாள் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டவனுக்கு எப்படிக் கிடைக்கும்? செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் கிடையாது. அவன் பெயர் பட்டியலிலேயே இல்லை. அட்டாச் ஆகாதவனுக்கு நோட்டிஃபை எங்கிருந்து போகும், சொல்லுங்கள்? "எச்சரிக்கையை மதிக்காமல் போனான்" என்கிறீர்களே, கிளம்பும்போது எச்சரிக்கையே இல்லையே ஐயா.

இரண்டு மாநிலத்திலும் சேர்த்து இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் முந்நூறுக்கு மேல். டிசம்பர் 3-ஆம் தேதி இங்கே விழிஞ்ஞத்துக்கு வந்த கேரள முதல்வரைச் சனம் முற்றுகையிட்டது. மறுநாள் பாதுகாப்பு அமைச்சர் வந்து கைகூப்பிப் பேசவேண்டியிருந்தது. 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தூத்தூர் வட்டாரத்து மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எச்சரிக்கை ஏன் கொடுக்கவில்லை என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. போய்த் தேடுங்கள் என்று கேட்டார்கள். தேடுவதற்கும் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டுமே!

இன்னொரு விஷயம். நண்பர் அப்சர்வர் என்றார். அது அப்சர்வரே இல்லை. அன்றைக்கு நடந்தது அதே புத்தகத்தில் இருக்கிற இன்னொரு நடத்தை பேட்டர்ன், செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி. கோரிக்கை ஒருவரிடம் வரும், அவர் கவனிப்பார், இல்லையென்றால் அடுத்தவருக்குத் தள்ளுவார், அவர் அதற்கடுத்தவருக்கு. வானிலை மையத்திலிருந்து தலைமைச் செயலகம், அங்கிருந்து பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை, பிறகு கலெக்டர் ஆபீஸ், மீன்வளத் துறை, கடைசியில் துறைமுகம், மாதா கோவில் மைக், பள்ளிவாசல் மைக். லோன் ஃபைல் கிளையிலிருந்து மண்டல அலுவலகம், அங்கிருந்து தலைமை அலுவலகம் என்று போகிற அதே பாதை. ஒவ்வொரு மேஜையிலும் "ஃபார்வர்டட்" என்று ஒரு சீல். அந்த நால்வரே இதன் குறையைத் தனியாக எழுதியிருக்கிறார்கள். சங்கிலியில் போடப்பட்ட கோரிக்கையை யாராவது வாங்கிக் கவனிப்பார்கள் என்று உத்தரவாதம் கிடையாது, கடைசிக் கண்ணியைத் தாண்டிக் கீழே விழுந்து காணாமலும் போகலாம் என்று. மென்பொருள் படித்தவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் கிளைக்கு வருகிற ஒரு அண்ணாச்சி, அறுபது வயது இருக்கும். விழிஞ்ஞத்துக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். ஒரு நாள் கவுண்டருக்கு முன்னால் அவர் போன் தொடர்ந்து அலறியது. எடுத்துக் காட்டினார். "ஸாரே, இது முந்தாநாள் வந்த காத்து மெசேஜ். கடலில கிடக்கும்போ ஒண்ணும் வராது. கரைக்கு வந்து போன் ஆன் பண்ணினா எல்லாம் கூட்டமா வரும். காத்தை நான் பார்த்தாச்சு, மெசேஜ் இப்பத்தான் பாக்குறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு சர்வரில் அந்த மெசேஜுக்கு நேராக "டெலிவர்ட்" என்று பச்சை டிக் விழுந்திருக்கும்!

இனி என் தொழிலுக்கு வருகிறேன், கோபமே இங்கேதான்.

வீட்டை அடமானம் வைத்தவர் கடன் கட்டவில்லை. 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி நாங்கள் அந்த வீட்டை எடுக்கவேண்டும் என்றால் முதலில் அறுபது நாள் நோட்டீஸ். அதை நேரில் கொடுக்கவேண்டும், அல்லது ஒப்புகையோடு தபாலில் அனுப்பவேண்டும். ஆள் வாங்காமல் டிமிக்கி கொடுத்தால் வாசல் கதவில் ஒட்டவேண்டும், இரண்டு முக்கிய நாளிதழில் போடவேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்கவேண்டும். கவனியுங்கள், உள்ளூர் மொழி! நோட்டீஸ் சரியாகச் சேரவில்லை என்று வக்கீல் எழுந்து நின்றால் வங்கியின் வேலை அத்தனையும் முதலிலிருந்து. செக் திரும்பினால் போடுகிற 138 வழக்கிலும் அப்படித்தான். பணம் கட்டுவதற்கான 15 நாள் கணக்கு, நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அவர் கையில் கிடைத்த நாளிலிருந்துதான்.

இதைவிட ஒன்று இருக்கிறது. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. உங்கள் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் யாராவது பணம் எடுத்தால் பொறுப்பு யாருக்கு என்பது பற்றி. அதில் ஒரு வரி வருகிறது. வங்கி அனுப்புகிற எச்சரிக்கை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது என்றும், அவர் பதில் அனுப்பினால் அது எப்போது வந்தது என்றும் வங்கியின் சிஸ்டம் பதிந்து வைக்கவேண்டும். வாடிக்கையாளர் மேல் தப்பு என்று நிரூபிக்கிற பொறுப்பும் வங்கிக்கே. இரண்டாயிரம் ரூபாய் போனாலும் "நாங்க எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டோம்" என்று நான் தப்பிக்க முடியாது.

ஜூலையில் இந்தச் சுற்றறிக்கை. நவம்பரில் ஒக்கி. நடுவில் ஐந்து மாசம்கூட இல்லை. ரூபாய்க்குச் சேர்ந்த நேரம் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த நாடு, உயிருக்கு அனுப்பிய நேரமே போதும் என்று உட்கார்ந்திருந்தது. இதைச் சொன்னால் "ஒரு லட்சம் படகுகிட்ட பதில் வாங்குறது நடக்கிற காரியமா சார்?" என்பார்கள். கோடிக்கணக்கான கணக்குக்கு நாங்கள் தினமும் அதைச் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2019 அக்டோபரில் ஜெமினி என்று ஒரு கருவியை வெளியிட்டார்கள். ககன் செயற்கைக்கோள் வழியாகக் கடலில் வெகு தூரத்திலும் எச்சரிக்கை வாங்கலாம், புளூடூத்தில் போனுக்கு வந்துவிடும். நல்ல காரியம்தான். ஆனால் வாங்க மட்டுமே முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. அதாவது மறுபடியும் அதே அப்சர்வர், மறுபடியும் அதே "அனுப்பியாச்சு". 2023-ல் நம் எல்லோர் போனும் திடீரென்று அலறியதே, அந்தச் சோதனை ஒலிபரப்பும் டவர் எட்டுகிற தூரத்துக்குத்தான். கரையில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த என்னை எழுப்பியது. எழுப்பவேண்டிய ஆள் நானில்லை.

உருப்படியான திருத்தம் இஸ்ரோ பக்கமிருந்து வந்தது. 2010-லிருந்தே மீனவர்களுக்கு டாட் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி உண்டு. ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தலாம், செய்தி செயற்கைக்கோள் வழியாகப் போகும். போனதா இல்லையா என்று அழுத்தினவனுக்குத் தெரியாது. அலையில் தத்தளித்துக்கொண்டு அவன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். 2024 ஜனவரியில் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் இதை மாற்றினார்கள். உன் செய்தி கிடைத்தது என்று பதில் அவனுக்கே திரும்பி வரும். கரையிலிருந்து வானிலை எச்சரிக்கையும் அவனுக்கு அனுப்பலாம். யாரோ ஒரு இன்ஜினியர் படகில் இருப்பவன் இடத்தில் தன்னை வைத்து யோசித்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும். அதே வருஷம் ஆகஸ்ட் 30-ல், ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பால்கரில் தொடங்கினார்கள். 364 கோடி ரூபாய் ஒதுக்கீடு. பெரிய தொகை மாதிரி தெரியும். படகுக்கு வகுத்துப் பாருங்கள், முப்பத்தாறாயிரம் சொச்சம்தான். ஒரு நல்ல செல்போன் விலை.

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஜூன் 9-ஆம் தேதி 24,346 கண்டெய்னர் ஏற்றக்கூடிய எம்.எஸ்.சி. ஐரினா வந்து நின்றது, நானும் போய்ப் பார்த்தேன். வாயைப் பிளந்துதான் பார்த்தேன், மறைக்கவில்லை. அப்படிப்பட்ட கப்பல் எங்கே வருகிறது என்று நீங்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். அதே கடலில், அதன் பக்கத்திலேயே போகிற ஃபைபர் வள்ளம் எந்தத் திரையிலும் தெரியாது. தொழில்நுட்பம் இல்லாமலா? பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று யாரோ முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்கிக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை. கேரளக் கரை முழுவதற்கும் ஒரே அறிவிப்பு. காசர்கோட்டுக் காற்றுக்கு விழிஞ்ஞத்து வள்ளம் கரையேறி நிற்கும். வெளியே பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஒரு நாள் தொழில் போனால் அந்த வாரம் எங்கள் கிளையில் நகை அடகு கூடும், இதை நான் கண்ணால் பார்க்கிறேன். நாலு முறை இப்படி ஆனால் ஐந்தாவது முறை மனுஷன் போனைத் திருப்பி வைத்துவிடுவான். இதுவும் மீனவன் தப்பா? அந்த நால்வர் இதற்கும் வழி எழுதியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே எந்த மாற்றம் தனக்கு வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய், அதற்கு மட்டும் சொல் என்று. இந்த இடத்துக்கு, இந்த அளவு வள்ளத்துக்கு, இத்தனை மணி நேரத்துக்குள் என்று பிரித்துச் சொன்னால் மதிப்பார்கள். ஊரையே மொத்தமாக மிரட்டினால் மதிக்கமாட்டார்கள்.

வெளியூரில் இருக்கிற நமக்கு இதில் என்ன என்று நினைக்கிறவர்களுக்கு நல்லவாடு கதையைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26. புதுச்சேரி பக்கத்து மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். இந்தோனேசிய நிலநடுக்கம், சுனாமி என்று செய்தி கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கி இருந்தது. மைக்கில் கத்தினார்கள். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள். வீடும் வள்ளமும் போயின. அந்த இளைஞர் செய்தது பப்ளிஷ் இல்லை. மறுமுனையில் "ஆமா, கேட்குது, தண்ணி வருது" என்று குரல் வரும்வரை போனை வைக்காத காரியம் அது. தமிழ்நாட்டின் எத்தனையோ கட்டுப்பாட்டு அறைகளுக்கு அன்றைக்குத் தோன்றாதது, சிங்கப்பூரிலிருந்த ஒரு தனி மனுஷனுக்குத் தோன்றியது.

ஆகவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. கடல் எச்சரிக்கை கொடுக்கிற ஒவ்வொரு முறையும் மூன்று எண்களை வெளியிடட்டும். கடலில் இப்போது எத்தனை வள்ளம், அதில் எத்தனைக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் கேட்டுக்கொண்டோம் என்று பதில் சொன்னார்கள். எங்கள் கிளையில் சாயந்திரம் கேஷ் டேலி ஆகாமல் ஷட்டரை இறக்கமாட்டோம். முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் டேலி ஆகாதவரை அந்தக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. விடுபட்ட வள்ளம் ஒவ்வொன்றின் பதிவெண்ணையும் கையில் எடுத்துக்கொண்டு கடலோரக் காவல்படையைக் கூப்பிடட்டும், வயர்லெஸ்ஸில் பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடட்டும், வீட்டுக்குப் போன் போட்டு "உங்க ஆள் எந்தப் பக்கம் போனார்?" என்று கேட்கட்டும்.